முதல் பாதி மட்டும்

ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் துவர்ப்பும், சுண்ணாம்பின் காரமும், அவற்றுக்கு அடியில் எத்தனை முறை அலசினாலும் போகாத ஆட்டுத்தோலின் வாடையும் சேர்ந்த ஒரு வாசனை உண்டு. உலக இலக்கியம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வந்து நிற்பது அதுதான். நான் சிறுமியாக இருந்தபோது என் கைக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு நாவல்கள், எந்தக் கடலுக்கு அப்பால் எழுதப்பட்டிருந்தாலும், திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் ஒரு "தோல்ஷாப்"பின் விருந்தினர் அறையில் சில நாட்கள் கிடந்துவிட்டுத்தான் என்னிடம் வந்து சேர்ந்தன. அவை எல்லாமே முதல் பாதிகளாக வந்தன. இரண்டாம் பாதி ஒன்றுகூட வந்ததில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சலிப்பு. பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். அலுவலகம் போக மிச்சமிருக்கும் நேரத்தில், ஆங்கிலத்தில் கிடைக்கும் பிறமொழி நாவல்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறேன். அதனால் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மழைக்கு ஐந்து, பிரிவுக்கு ஏழு, விமானத்தில் படிக்க மூன்று, அம்மாவுக்குப் பரிசளிக்க ஒன்று. நானும் பட்டியல் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். பட்டியல் போடுவது எனக்கு வராத வேலையில்லை. ஆனால் கொஞ்ச நாட்களாக, "இதைப் படியுங்கள்" என்று எழுதி முடித்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. இன்னாருக்கு இந்தக் கதை என்று நான் முதன்முதலில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது எதை, யாருக்கு, அதனால் என்ன ஆனது என்ற கணக்கு முடியாமலே கிடந்தது.

அப்பா அந்தத் தோல்ஷாப்பில் மெக்கானிக். தோல்களை உள்ளே போட்டுச் சுற்றவிடும் ஆளுயர மரப் பீப்பாய்களை "டிரம்" என்பார்கள். அவற்றின் பல்சக்கரமும் பெல்ட்டும் அப்பாவின் பொறுப்பு. அம்மா நூல்மில்லில் ஷிப்டு வேலை பார்த்தாள். சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை, அம்மாவுக்கு மில் உண்டு. ஆகவே சனிக்கிழமைதோறும் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தோல்ஷாப்புக்குப் போவேன். டிரம் ஓடும் இடத்தில் பிள்ளைகளை விடக்கூடாது என்பதால், வாசலை ஒட்டி மாடியில் இருந்த விருந்தினர் அறையின் சமையல்கட்டில் என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவார். "எதையும் தொடாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்பது அவர் ஒவ்வொரு வாரமும் சொன்ன வாக்கியம்.

விருந்தினர் அறை, தோல் வாங்க வரும் "வெளிநாட்டு பார்ட்டி"களுக்காக. அவர்களில் ஒருவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். எந்த நாட்டுக்காரர் என்று எங்களில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. நெட்டையான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். தடித்த நாவல் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். வரும் வழியில், விமானத்திலும் ரயிலிலும், பாதிவரை படித்திருப்பார். ஊருக்குத் திரும்பும் நாளன்று, தோல் மாதிரிகளைப் பையில் அடுக்கியபின் எடை கூடிவிட்டது என்று தோன்றினால், கீழே ஆள் அனுப்பித் தோலின் ஓரம் சீவுகிற கத்தியை வாங்கிவரச் சொல்லி, புத்தகத்தை முதுகோடு நேராக அறுப்பார். படித்த பாதி கட்டிலின் மேல் கிடக்கும். படிக்காத பாதி அவரோடு போய்விடும்.

தொழிலாளர்கள் அவருக்கு "அறுப்புத் துரை" என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று யோசித்தால், அவர் செய்ததில் ஒரு பொறியாளரின் நியாயம் இருக்கிறது. முடிந்த வேலையை யாரும் சுமந்துகொண்டு போவதில்லை. அன்று எனக்கு அது கொலையாகத் தெரிந்தது. மீதியையும் கேட்டு வாங்கித் தரச்சொல்லி ஒருமுறை அப்பாவிடம் அழுதேன். அப்பா கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நாம் போயி அவருகிட்ட பொஸ்தகத்துல மீதியக் குடுங்கனு கேட்டா, அவரு தோல்ல பாதிய நாலாந்தரம்னு தள்ளிட்டுப் போயிருவாரு. கெடச்சத வச்சுப் பொழப்பப் பாரு" என்றார்.

கிடைத்ததை வைத்துக்கொண்டேன். நீளமான நோட்டு ஒன்றில் கோடு போட்டுப் பத்திகள் பிரித்தேன். வரிசை எண். கதை நடக்கும் நாடு. எந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கையில் இருக்கும் பக்கங்கள். எந்த வார்த்தையில் அறுந்தது. கடைசிப் பத்தியின் தலைப்பு, "யாருக்குச் சொல்லலாம்". இந்தக் கடைசிப் பத்தி எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. வகுப்பில் அப்படிப்பட்ட கதைகளைக் கேட்கக்கூடியவர்கள் யாரும் இல்லை.

நான் படித்தது ஆங்கிலவழிப் பள்ளிதான் என்றாலும், அங்கே எங்களுக்குக் கொடுத்த ஆங்கிலப் பாடங்கள் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்தன. இந்த அறுந்த நாவல்களின் ஆங்கிலம் அப்படி இல்லை. வேறொரு மொழியிலிருந்து கிளம்பி வந்து, புது வீட்டில் சத்தம் போடாமல் நடமாடும் ஆளைப்போல அது இருந்தது. நானும் அந்த மொழிக்குள் அப்படித்தான் நடமாடிக்கொண்டிருந்தேன். புரியாத சொற்களைத் தாண்டிக் குதித்தும், பெயர்களை என் வசதிக்குச் சுருக்கியும், மூன்று வாரத்தில் ஒரு பாதியை முடித்துவிடுவேன். மரவள்ளியைப் போல ஏதோ ஒரு கிழங்கை மட்டுமே தின்று வாழும் மலைக் கிராமம், ரயில் வராத ரயில்நிலையத்தில் கொடி பிடிப்பவர், அக்காவின் கல்யாணத்தன்று காணாமல் போகும் ஐந்து சகோதரர்கள். எல்லாரும் ஏதோ ஒரு பக்கத்தில் காலைத் தூக்கியபடியே நின்றார்கள்.

அந்தச் சமையல்கட்டில் வேலை பார்த்தவள் நூர்ஜகான் அக்கா. நான் நூரக்கா என்பேன். அப்போது அவளுக்கு முப்பதுக்குள் இருக்கும். பத்தாவதுவரை தமிழில் படித்தவள். வெளிநாட்டு பார்ட்டிகளுக்குக் காரம் குறைத்துச் சமைப்பதும் அறையைத் துடைப்பதும் வேலை. அறுபட்ட பாதிகளைக் கட்டிலிலிருந்து எடுத்து எனக்காகப் பத்திரப்படுத்தியவள் அவள்தான். சும்மா தரமாட்டாள். "இதுல என்னருக்குனு படிச்சுட்டு வந்து சொல்லணும், அப்பத்தான் அடுத்தது" என்பாள். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் சனிக்கிழமைகள். அவள் வெங்காயம் உரிப்பாள், நான் நோட்டைப் பார்த்துக் கதை சொல்வேன். கதை அறுந்த இடம் வந்ததும், "வச்சான் பாரு கத்திய" என்று அறுப்புத் துரையைத் திட்டிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள்.

அவளுடைய கணவர் சவுதிக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. முதல் இரண்டு வருடம் போன் வந்தது. பிறகு பெருநாளுக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று அதே ஊரில் வேலை பார்த்த ஒருவர் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித் தெரிந்ததல்ல. அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்கியவர்கள் பேசிக்கொண்டது.

என் ஏழாம் வகுப்பு முடிகிற சமயத்தில் அந்தப் படகுக்காரியின் கதை வந்தது. வடக்கே ஏதோ ஒரு குளிர் நாடு. வேகமான ஒரு ஆற்றங்கரையில் ஒரே ஒரு வீடு. ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் படகோட்டியின் மனைவி அந்த வீட்டில் இருக்கிறாள். கணவன் மரம் வெட்டும் கூட்டத்தோடு தெற்கே போனவன் திரும்பவில்லை. படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. இரவெல்லாம் கொட்டிய வெண்பனி காலையில் கதவைப் பாதிவரை மூடியிருக்கும். அவள் தினமும் மண்வெட்டி எடுத்து அதை அள்ளி வீசி, கதவிலிருந்து பாதைவரை வழி உண்டாக்குவாள். வருகிறவன் வர வழி வேண்டும் அல்லவா. கையிலிருந்த பாதி முழுக்க இதேதான் நடக்கும். கடைசிப் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறாள், அங்கே என்று வாக்கியம் அறுந்துவிட்டது.

"யாருக்குச் சொல்லலாம்" என்ற பத்தியில் நான் முதன்முதலாக ஒரு பெயர் எழுதியது அன்றைக்குத்தான். இது நூரக்காவுக்கான கதை என்று எனக்குத் தோன்றியதும், அப்படித் தோன்றியதில் எனக்கு ஏற்பட்ட பெருமையும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை நான் சொல்லி முடித்தபோது அக்கா துரையைத் திட்டவில்லை. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "கதவத் தொறந்தாள்ல. யாரு நின்டது?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதிப் புத்தகம் எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அப்படியாக, அடுத்த மூன்று சனிக்கிழமைகள் நான் உலக இலக்கியம் செய்தேன். கதவில் நின்றது கணவன்தான் என்றேன். தாடி வளர்ந்திருந்தது, மெலிந்திருந்தான், ஒரு காலை இழுத்து நடந்தான். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதற்கு நோட்டில் ஐந்து காரணங்கள் எழுதி, மூன்றை அடித்துவிட்டு, காய்ச்சலையும் திருட்டுப்போன பையையும் வைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் படகுக்காரி அவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், சாப்பாடு போட்டாள். மறுநாள் விடிவதற்குமுன் எழுந்து வாசல் தெளித்தாள். மூன்றாம் வாரம் படகை நிமிர்த்தி இருவருமாக ஆற்றில் இறக்கினார்கள். அக்கா குறுக்கே எதுவும் கேட்கவில்லை. "சரி", "சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதை முடிந்த இரண்டாவது சனிக்கிழமை அக்காவின் அண்ணன் படியேறி வந்தார். நான் மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஜமாத்தில் பேசிவிட்டதாகவும், அவள் சரி என்றால் பழைய கல்யாணத்தை முறித்துவிடலாம் என்றும், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவர் பெண் கேட்டு வந்திருப்பதாகவும் சொன்னார். "நல்ல மனுசன். நீ இப்படியே வெங்காயம் உரிச்சுட்டு இருக்கப் போறியா, நூரு?"

அக்கா அடுப்பைப் பார்த்தபடியே, "இன்னும் ஒரு வருசம் பாக்குறேண்ணே" என்றாள்.

அண்ணன் இறங்கிப் போனார். என் கதை வேலை செய்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போது எனக்கு இருந்தது பெருமைதான். அதை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை.

ஒரு வருடம் போயிற்று, இன்னொரு வருடமும் போயிற்று. சவுதியிலிருந்து யாரும் வரவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார். நான் மேல்வகுப்புக்குப் போய்ச் சனிக்கிழமையும் டியூஷன் என்றானதும், தோல்ஷாப்புக்குப் போவது நின்றது. பிறகு கல்லூரி, வேலை, பெங்களூர். கல்லூரியில் இருந்தபோதுதான், நான் சொன்ன முடிவுக்கும் அக்கா சொன்ன பதிலுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கக்கூடும் என்று எனக்கு உறைத்தது. பெருமை இருந்த இடத்தில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. பல வருடம் எழுந்து போகவில்லை.

சென்ற வருடம், நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் அந்தப் படகுக்காரியின் நாவல் முழுதாகக் கிடைத்தது. நாவலின் பெயரை நான் எங்கும் எழுதியதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. என்னிடமிருந்த அறுந்த பாதியின் கடைசி வாக்கியத்தைத் தேடிப் பிடித்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே மீதியைப் படித்தேன். கதவில் நின்றது ஒரு கிழவி. கையில் ஒரு ஆட்டுக்குட்டி. அக்கரைக்குப் போக வேண்டும் என்கிறாள். படகோட்டி இல்லை என்று படகுக்காரி சொல்ல, "படகு இருக்கிறதே" என்கிறாள் கிழவி. அவ்வளவுதான். அதன்பின் இருநூறு பக்கமும் படகுக்காரி துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொள்வதும், அவள் ஏற்றிப்போகும் ஆட்கள் பேசுவதும்தான். கணவனைப் பற்றிப் பேச்சு இரண்டே இடத்தில் வருகிறது. அவன் வந்தானா என்று நாவல் சொல்லவில்லை.

நான் எந்த முடிவை வேண்டுமானாலும் இட்டுக்கட்டியிருக்கலாம். ஆனால் இந்த ஒன்று அன்றைக்கு என் நோட்டில் எங்குமே இல்லை. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பொங்கல் விடுப்பில் ஊருக்குப் போனபோது போனேன். நூரக்கா இப்போது பேகம்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறாள். பெண்கள் விடுதி ஒன்றுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்புகிறாள். முடி பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "ஏம் பாப்பா, பெங்களூர்ல சோறே போட மாட்டாய்ங்களா, இப்படி இருக்க" என்றாள். முன்னால் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம் இருந்தது. எதிரே உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பித்தேன். வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். ஒன்று, பள்ளி நூலகத்தில் அந்தப் புத்தகம் இல்லை. இரண்டு, முடிவை நான்தான் கட்டினேன். மூன்று, அதை நம்பி நீங்கள் காத்திருந்தீர்கள்.

அக்கா கத்தியை நிறுத்தாமலே சிரித்தாள்.

"அம்புட்டுக் குளிருல விடிகாலையில வாசத் தெளிச்சாள்னு சொன்னீல்ல. தெளிச்ச தண்ணி உறைஞ்சு கண்ணாடியால்ல கெடக்கும். நாலு வருசங்கழிச்சு வந்தவன் வழுக்கி விழுந்து மண்டைய ஒடச்சுக்க மாட்டானா?"

அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"முதப் பாதியில தெனமும் மம்பட்டி எடுத்தவ, ஓம் பாதியில ஒரு நாளும் எடுக்கல. பனி எங்க போச்சுனு பாத்தேன். சரி, புள்ள நமக்காண்டித்தான் சொல்லுதுனு விட்டுட்டேன்."

"தெரிஞ்சே கேட்டீங்களாக்கா?"

"பின்ன. மத்த ஆளுக எல்லாம் அவன் வர மாட்டான்னே சொல்லிட்டு இருந்தாக. நீ ஒருத்திதான் வந்தான்னு சொன்ன. காதுக்கு நல்லா இருந்துச்சு." ஒரு வெங்காயத்தை உரித்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள். "அண்ணங்கிட்ட ஒரு வருசம் கேட்டது அதுக்காக இல்ல. மார்க்கெட்டுக்காரருக்கு வளந்த பிள்ளைக மூணு. அவருக்கு வேண்டியது சமையலுக்கு ஆளு. இங்க செய்றத அங்க போயிச் செய்யணுமாக்கும். ஆனா அத அண்ணங்கிட்டச் சொல்ல முடியாது. சவுதிக்குப் போனவரு வருவாருனு சொன்னா யாரும் மேல பேச மாட்டாக."

பல வருடக் கனம் அந்த இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். அக்கா அதோடு விடவில்லை.

"ஒரு தடவ மட்டும் நம்பிட்டேன்" என்றாள். "அவன் கதவுல தாடியோட நின்டான்னு சொன்னபாரு, அன்னைக்கு. வீட்டுக்குப் போயி அவரு சட்ட ரெண்ட எடுத்துத் தொவச்சு, தேச்சு வச்சேன். மறுவாரம் நீ வாசத் தெளிச்ச. திரும்ப மடிச்சு உள்ள வச்சுட்டேன். ஒரு வாரம்தேன்."

அக்கா என்னை மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. மன்னிக்கும்படி எதையும் அவள் எடுத்து வைத்துக்கொள்ளவே இல்லை.

பிறகு முறத்தைத் தள்ளிவிட்டு, "சரி, நெசமாலும் அதுல என்னதான் இருக்கு? சொல்லு. ஒல கொதிக்கச் செத்த நேரம் ஆகும். அந்தத் தொர மாதிரி நடுவுல அறுத்துட்டுப் போயிராத" என்றாள்.

கிழவி வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். அக்கா சோறு வடித்தாள், குழம்பைத் தாளித்தாள், விடுதியிலிருந்து ஆட்டோ வந்து சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆட்டுக்குட்டியைப் பற்றி, "அய்யலூர்ச் சந்தைக்குத்தேன் கொண்டுபோறாளாக்கும்" என்று ஒருமுறை குறுக்கிட்டாள். துடுப்பை எந்தப் பக்கம் பிடித்தால் படகு எந்தப் பக்கம் திரும்பும் என்று இரண்டுமுறை கேட்டாள். நான் பெங்களூருக்குப் பிடிக்க வேண்டிய பேருந்து போய்விட்டது.

அந்தத் தோல்ஷாப் இப்போது இல்லை. டிரம்களைப் பிரித்து மரமாக விற்றுவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். விருந்தினர் அறையில் யாரோ பிளாஸ்டிக் குடம் அடுக்கியிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் தோலை இப்போது செல்போனில் பார்த்துத் தரம் சொல்கிறார்களாம். பாதியில் அறுத்து வைத்துவிட்டுப் போக யாரும் படியேறி வருவதில்லை. என்னிடமிருந்த முதல் பாதிகளில் பலவற்றைக் கறையான் எடுத்துக்கொண்டது. நோட்டு மட்டும் இருக்கிறது. வாசனை அதில் இன்னும் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பத்தியில் இன்றுவரை ஒரே ஒரு பெயர்தான். இணையத்தில் நான் இத்தனை பட்டியல் போட்டும், அந்தப் பத்தியை நிரப்ப முடிந்ததில்லை. யார் வீட்டில் எந்தச் சட்டை மடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல், இதைப் படியுங்கள் என்று எப்படிச் சொல்வது.

அன்று நான் கதையை முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவன் வந்தானா என்று அக்கா கேட்பாள் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று யோசித்தும் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. முறத்தைத் தட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு, "அந்த மம்பட்டிய என்ன செஞ்சா?" என்றாள்.

"வச்சுக்கிட்டாக்கா" என்றேன். "கடைசிப் பக்கம் வரைக்கும் பனி பெய்யுது."